ஸ்டாக் தளங்களில் புகைப்படம் விற்க எப்படி ஆரம்பிப்பது? செல்பேசிப் படங்கள் எடுபடுமா?

பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறீர்கள், கையில் இருப்பது செல்பேசி மட்டும். ஸ்டாக் தளங்களில், அதாவது படங்களைச் சேர்த்துவைத்து வடிவமைப்பாளர், பத்திரிகைகள் போன்றோருக்கு உரிமம் விற்கும் இணையதளங்களில், விற்க எங்கே தொடங்குவது, காசு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு விஷயத்தை முதலில் பேசிவிடலாம். வரும், ஆனால் சில்லறை சில்லறையாகத்தான் வரும். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி நம் பங்கு 15 சதவீதத்தில் தொடங்குகிறது. விற்பனை கூடக்கூட 40 வரை ஏறும். ஆனால் ஜனவரி 1 பிறந்ததும் எல்லோரும் திரும்ப முதல் படிக்கே வந்துவிடுவோம். சந்தா கட்டியவர் நம் படத்தை இறக்கிக்கொண்டால் 10 சென்ட் மட்டும் கணக்கில் ஏறுவதும் உண்டு. அடோபி ஸ்டாக்கில் புகைப்படத்துக்கு 33 சதவீதம், வருடா வருடம் கீழே இறக்கும் பேச்சு கிடையாது. ஐஸ்டாக்கில் சாதாரண உறுப்பினருக்கு 15 சதவீதம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகும் ஆசை இருந்தால் தாராளமாக இறங்குங்கள். நல்ல படம் ஒன்று வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே இருக்கும். காப்புரிமையும் நம்மிடமேதான் இருக்கும்; வாங்குபவருக்குப் போவது பயன்படுத்தும் உரிமம் மட்டும்.

எந்தத் தளம் என்றால், முதலில் அடோபி ஸ்டாக் என்பேன். பதிவு செய்வது சுலபம், விதிகள் தெளிவாக இருக்கின்றன. கை பழகியதும் அதே படங்களை ஷட்டர்ஸ்டாக், அலாமி என்று மற்ற இடங்களிலும் ஏற்றலாம். ஒரே தளத்தில் மட்டும் விற்பேன் என்கிற எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் போடாதவரை அதற்குத் தடையில்லை. உங்கள் படங்களில் எது எங்கே போகிறது என்று தெரியும்வரை எந்தத் தளத்திலும் அந்த ஒப்பந்தம் வேண்டாம்.

சரி, எதைப் படம் எடுப்பது? நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஸ்டாக்கில் விற்பது யாரோ ஒருவருடைய வேலைக்கு ஆகிற படம். ஷட்டர்ஸ்டாக்கை 2003-இல் தொடங்கிய ஜான் ஓரிங்கர் புகைப்படத் தொழிலில் இருந்தவர் அல்லர், மென்பொருள்காரர். தன் விளம்பரங்களுக்குப் படம் கிடைக்காமல் அலைந்தவர், தானே கேமரா வாங்கி எடுத்த சுமார் 30,000 படங்களோடு தளத்தைத் திறந்தார். வாங்குபவருக்கு என்ன தேவை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. நாமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். மாலைக்குள் ஒரு கட்டுரையையோ விளம்பரத்தையோ முடித்துக் கொடுக்க வேண்டிய வடிவமைப்பாளர் ஒருவர் தேடல் பெட்டியில் என்ன தட்டுவார்? ‘அழகான சூரிய அஸ்தமனம்’ என்று தட்டினால் அவருக்கு லட்சக்கணக்கில் படம் வந்து விழும். நம்முடையது அதில் எங்கோ அடியில் கிடக்கும். ‘முதியவர் செல்பேசி பழகுதல்’, ‘மருந்துச் சீட்டைப் படிப்பது’, ‘சைக்கிள் சங்கிலி மாட்டுவது’ என்று தேடும்போதுதான் நமக்கு இடம் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். வயதான பெண்மணி ஒருவர் மேசையருகே அமர்ந்து செல்பேசியைப் பார்க்கிறார். முகம் வேண்டாம், கைகள் போதும். பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். மறுபக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் சுவராக விடுங்கள், தலைப்பு போட வடிவமைப்பாளருக்கு இடம் வேண்டும். கிடையாக ஒன்று, நெட்டாக ஒன்று எடுங்கள். அப்புறம் கீவேர்டு, அதாவது படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சொற்கள். இதைக் கடனே என்று செய்பவர்களின் நல்ல படம்கூட யார் கண்ணிலும் படாமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அடோபியில் 49 கீவேர்டு வரை தரலாம். முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம், அதனால் வரிசை முக்கியம். கண்ணுக்குத் தெரிவதை முதலில் வையுங்கள்: முதிய பெண், கைகள், செல்பேசி, மூக்குக்கண்ணாடி, வீடு. அதற்குப் பிறகு, இந்தப் படம் எந்தக் கட்டுரைக்குப் போகும் என்று யோசியுங்கள்: தொழில்நுட்பம் கற்றல், வீடியோ அழைப்பு, தனிமை, இணைய மோசடி, இணைய வங்கி. கீவேர்டை ஆங்கிலத்தில் கொடுப்பதே நல்லது, உலகம் முழுக்கத் தேடுபவர்கள் பெரும்பாலும் அதில்தான் தேடுகிறார்கள். படத்தில் இல்லாத பொருளைச் சேர்க்காதீர்கள். 49-ஐ நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

செல்பேசிப் படம் எடுபடும். அடோபியும் ஷட்டர்ஸ்டாக்கும் குறைந்தது 4 மெகாபிக்சல் கேட்கின்றன, இன்றைய செல்பேசிகள் எல்லாமே அதைத் தாண்டிவிட்டன. சிக்கல் தரத்தில்தான் வரும். படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். இருட்டான பகுதியில் வண்ணப் புள்ளிகள் மொய்க்கின்றனவா? இரவில் எடுத்ததா? அப்படியானால் செல்பேசியே அந்தப் புள்ளிகளை (நாய்ஸ்) அழிக்கிறேன் என்று தோலையும் துணியையும் மெழுகு பூசியதுபோல் ஆக்கியிருக்கும். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்திருந்தால் தலைமுடியின் ஓரத்தைக் கவனியுங்கள். மென்பொருள் பின்னணியை மங்கலாக்கியபோது சில முடிகளையும் சேர்த்துத் தின்றிருக்கும், காதோரம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். அந்த மோடையே தவிர்த்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் துடைத்த லென்ஸும் இருந்தால் பாதி ரிஜெக்ட் குறையும். ஒரே காட்சியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பத்துப் படம் அனுப்பினாலும் ‘ஒரே மாதிரி இருக்கிறது’ என்று தள்ளிவிடுவார்கள். சிறந்த இரண்டு, மூன்றை மட்டும் அனுப்புங்கள்.

சட்ட விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. ஆளை அடையாளம் காண முடிந்தால் அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் (படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் படிவம்) கட்டாயம், குழந்தை என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். உங்களை நீங்களே எடுத்த படத்துக்கும் ரிலீஸ் கேட்பார்கள். நான் ஒருபடி மேலே போய்ச் சொல்வேன்: கையெழுத்து வாங்கும்போது, இந்த முகம் எந்த ஊரில் எந்த விளம்பரத்தில் வரும் என்று நமக்கே தெரியாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் படத்தை விட்டுவிடுங்கள். சட்டை, காலணி, மடிக்கணினியில் இருக்கும் லோகோ ஒவ்வொன்றையும் நீக்க வேண்டும். பகலில் எடுத்த ஈஃபிள் கோபுரத்தை வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்பார்கள். இரவில் ஒளிரும் கோபுரத்தை ஏற்க மாட்டார்கள், அந்த விளக்கு அலங்காரத்துக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறது. தெருக்கூட்டம், ஊர்வலம் போன்றவற்றை ரிலீஸ் இல்லாமல் எடிட்டோரியல் பிரிவில், அதாவது விளம்பரத்துக்கு அல்லாமல் செய்தி, கட்டுரைகளுக்கான பிரிவில், கொடுக்க வழி உண்டு. இடம், தேதியோடு உள்ளதை உள்ளபடி விவரம் எழுத வேண்டும், படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதில் இறங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கைகுலுக்கும் இரண்டு கோட்டுக்காரர்கள், வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள் என்று பொத்தாம் பொதுவான படங்களின் காலம் முடிகிறது என்றே நினைக்கிறேன். கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களை ஏற்க மறுத்தது, அடோபி அடையாளமிட்டால் ஏற்கிறது. நம் படங்களை இந்த மென்பொருள்களின் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறார்கள். ஷட்டர்ஸ்டாக்கில் கணக்கு அமைப்புக்குள் போய் வேண்டாம் என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை வரி விடாமல் படியுங்கள், நம் உழைப்பு சம்பந்தப்பட்டது அது. ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை இருக்கும், வெல்டிங்கோ தையலோ செவிலியர் பணியோ. கருவியை எப்படிப் பிடிப்பார்கள், எந்த விரல் எங்கே இருக்கும் என்பது அந்த வேலை தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கணக்கு திறக்கும்போதே வரிப் படிவத்தையும் முடித்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள், வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு அது குறையும். அடோபியில் 25 டாலர் சேர்ந்து, முதல் விற்பனை முடிந்து 45 நாள் ஆனதும் பணத்தைக் கேட்டு வாங்கலாம். அதுவரை தினமும் கணக்கைத் திறந்து பார்க்காமல், அடுத்த படங்களுக்குக் கீவேர்டு எழுதிக்கொண்டிருங்கள்.