கூச வேண்டிய இடம்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சில்லறைக் கடை நடத்தினேன். 2022க்குப் பிறகு எழும்ப முடியவில்லை. வங்கிக் கடன், ஃபைனான்ஸ் கடன், அவற்றை அடைக்க வாங்கிய வட்டிக் கடன். வங்குரோத்து மனு போடலாம் என்கிறார் சட்டத்தரணி. அதற்கு முன் வேனை மச்சான் பெயருக்கு மாற்றிவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என் அப்பா தோட்டத்து லய வீட்டிலேயே வாழ்ந்து ஒரு சதம் கடன் வைக்காமல் செத்தவர். அவர் படத்தைப் பார்க்கவே கூசுகிறது. இரவில் தூக்கமில்லை. நான் செய்யப்போவது துரோகமா?
பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: மனு போடுவது துரோகமில்லை. வேனை மச்சான் பெயருக்கு மாற்றுவது துரோகம். கூச்சம் முழுவதையும் முதலாவதன் மேல் போட்டுவிட்டு, இரண்டாவதைச் சும்மா ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். வேன் விஷயத்தை இன்றே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். சொத்தை மறைத்தவருக்குச் சட்டம் இரக்கம் காட்டாது.

நேர்மையாக விழுந்தவரை அதே சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது. 1853ஆம் ஆண்டின் வங்குரோத்துக் கட்டளைச் சட்டமே, நொடித்தவருக்கு நீதிமன்றம் கொடுக்கும் சான்றிதழைத் தரம் பிரித்தது. தவிர்க்க முடியாத நட்டத்தால் நொடித்தவருக்கு முதல் தரம். விழுந்தவனும் ஏமாற்றியவனும் ஒன்றல்ல என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதை உங்கள் கல்லாப் பெட்டியில் இருந்துகொண்டு தடுத்திருக்க முடியுமா?

அப்பாவைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அவருக்கு யார் பெரிய கடன் கொடுத்திருப்பார்கள்? லயமும் தோட்டத்துடையது, மண்ணும் தோட்டத்துடையது. ஈடு வைக்க அவரிடம் என்ன இருந்தது? அவருக்கும் முந்திய தலைமுறை, கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி வைத்து ஆளையே கட்டிப்போட்ட காலத்தைப் பார்த்தது. துண்டிலுள்ள கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல் ஒழிந்தது. கடன்பட்டவன் தலை நிமிரக்கூடாது என்ற பயம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. அதை அப்பாவின் நேர்மையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் கடிதத்தில் ஒருவரைக் காணவில்லை. பிணைக்குக் கையெழுத்து வைத்தவர். வங்கியும் ஃபைனான்ஸும் பிணையாள் இல்லாமல் கொடுத்திருக்காது. உங்கள் மனு உங்களைக் காப்பாற்றலாம், அவரைக் காப்பாற்றாது. அடுத்த கடிதம் அவர் வீட்டுக்குத்தான் போகும். ஒரு நண்பராக இருக்கலாம், வேலை செய்யும் ஒரு தங்கையாக இருக்கலாம். நீங்கள் கூச வேண்டியது அவர் முன்னால். அதுவும் ஒளிந்துகொள்வதற்காக அல்ல, போய்ச் சொல்வதற்காக.

மனைவிக்கு முழுக் கணக்கும் தெரியுமா என்றும் நீங்கள் எழுதவில்லை. முதலில் அவரிடம் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். தூக்கம் வராத இரவில் மனம் விபரீதமாகப் போனால் தனியே கிடக்காதீர்கள், 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

அப்புறம், மனு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால், மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பிணையாளின் வீட்டுக்குப் போங்கள். எவ்வளவு கடன், அதில் அவர் தலையில் எவ்வளவு விழும், மாதம் உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொண்டிருங்கள்.