மழை அளவைக் கொடுத்தால் ஆற்றின் உச்ச நீர்வரத்து சரியாக வந்துவிடுமா?

முதுநிலை ஆய்வுக்காக ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்திருப்பதாகவும், மழையிலிருந்து ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ஹெச்எம்எஸ் (HEC-HMS) மென்பொருளில் மழையைக் கொடுத்தால் வரும் உச்ச நீர்வரத்தை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்குகளோடு மாரடிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண் எப்படியும் வரும். மழை பெய்யும் முன் ஏரிகள் எப்படி இருந்தன, மழை எந்தெந்த மணி நேரத்தில் பெய்தது, இந்த இரண்டையும் சரியாகக் கொடுத்திருந்தால் நம்பலாம்.

சென்னையின் அடையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. வெள்ளம் முழுக்க அந்த ஏரியால் வந்தது என்றே பலரும் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் அந்த உபரி நீர் திருநீர்மலை அருகேதான் ஆற்றில் சேர்கிறது. அதற்கு மேலே இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அந்த மதகுகள் காரணமாக இருக்க முடியாது.

கையாலேயே ஒரு கணக்குப் போடலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் மணிக்கு 1 செ.மீ. நீர் வழிந்தோடினால் அது விநாடிக்கு ஏறத்தாழ 98 கன அடி. அப்படியானால் 300 சதுர கி.மீ. நிலத்திலிருந்து மணிக்கு 1 செ.மீ. ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தாலே 29,000 கன அடியைத் தாண்டிவிடும். ‘ஒரே சமயத்தில்’ என்பதில்தான் சூட்சுமம். ஆற்றின் மேற்பகுதியான மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து நீரும் செம்பரம்பாக்கத்து நீரும் சில மணி நேரம் முன்பின்னாக வந்தால் கீழே சைதாப்பேட்டையில் ஒரு உச்சம், சேர்ந்து வந்தால் வேறொரு உச்சம். மொத்த நீரின் அளவு மாறாது.

மழையில் எவ்வளவு மண்ணில் இறங்காமல் வழிந்தோடும் என்பதைக் கணக்கிட உதவும் எண் வளைவு எண் (curve number). மாணவர்கள் பெரும்பாலும் அதில்தான் வாரக்கணக்கில் உழல்கிறார்கள். மண் ஓரளவு ஈரமாக இருக்கையில் அந்த எண் 75 என்றால், ஊறிப்போன மண்ணுக்கு 88. மழை 100 மி.மீ. என்றால் வழிந்தோடுவது முறையே 41, 68 மி.மீ.; வித்தியாசம் பெரிது. அதே எண்களை 490 மி.மீ. மழைக்குப் போட்டுப் பாருங்கள்: 401, 451. பெருமழையில் இந்த எண்ணை நுணுக்கிப் பெரிய பயனில்லை. அந்த நேரத்தை மணிவாரி மழைக்குச் செலவிடுங்கள். 49 செ.மீ.யை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பங்கிட்டால் மணிக்கு 2 செ.மீ.தான் வரும், மழை அப்படிச் சீராகப் பெய்வதில்லை. தானியங்கி மழைமானியின் பதிவு கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் ஏரிகள். செயற்கைக்கோள் நில உயரத் தரவைத் தயார் செய்யும்போது, மென்பொருள் ஏரியைப் பள்ளம் என்று நினைத்துத் தூர்த்துவிடும். (அதில் நாம் அதற்குச் சளைத்தவர்கள் இல்லை.) முக்கியமான ஏரிகளையாவது நீர்த்தேக்கங்களாகத் தனியே சேர்த்து, கலங்கலின் (உபரி நீர் வழியும் இடத்தின்) நீளம், மட்டம், தொடக்க நீர்மட்டம் மூன்றையும் கொடுங்கள். காலி ஏரி உச்சத்தை வெட்டும். நிரம்பிய ஏரி கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. டிசம்பர் 1-க்கான கணினி மாதிரியில் ஏரிகளைப் பாதி காலியாக வைத்துத் தொடங்கினால் விடை எங்கேயோ போய்விடும்.

ரைவ்ஸ் சூத்திரம் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பளவின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்குவது அது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் கெழு 6.8. பேச்சுக்கு 500 சதுர கி.மீ. என்றால் விநாடிக்கு 428 கன மீட்டர், அதாவது சுமார் 15,000 கன அடி. செம்பரம்பாக்கத்தில் திறந்ததே அதைப்போல் இருமடங்கு. சூத்திரத்தில் மழை என்ற ஒன்றே கிடையாது, பிறகு எப்படி? சிறு பாலங்களுக்கான முதல் மதிப்பீட்டோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் ஆற்றில் நீரோட்டப் பதிவு இல்லையென்றால், பாலத் தூண்களிலும் வீட்டுச் சுவர்களிலும் உள்ள வெள்ளக் குறிகளை அளந்து, ஆற்றின் குறுக்குவெட்டு, சரிவு இவற்றை வைத்து நீரோட்ட வேகத்தைத் தரும் மேனிங் சமன்பாட்டில் உச்சத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒரு வெள்ளத்தை வைத்து மாதிரியைச் சரிசெய்தால், சோதிக்க வேறொரு வெள்ளத்தை எடுங்கள். இரண்டாவதில் கால் பங்கு வித்தியாசத்துக்குள் வந்தால், என் கணக்கில் அது நல்ல மாதிரிதான்.