பிட்சராக இருக்கும் மகன் புரொஃபஷனல் ஆவானா?

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் டெக்சாஸில் ஒரு நடுத்தரக் கல்லூரியின் பேஸ்பால் அணியில் பிட்சர் (பந்து வீசுபவர்), இரண்டாம் ஆண்டு, ஈ.ஆர்.ஏ 2.90. அவன் மேஜர் லீக் என்னும் பெரிய லீக் வரை போவான் என்பது அம்மாவின் நம்பிக்கை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் இன்டர்ன்ஷிப்புக்குப் போக, இவன் மட்டும் கோடை முழுக்கப் பந்து வீசுகிறானே என்பது உங்கள் கவலை. இரண்டு பேரும் அந்த 2.90-ஐ வைத்துத்தான் வாதாடுகிறீர்கள் என்று தெரிகிறது. முதலில் அதை ஓரமாக வையுங்கள்.

ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்னைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தான் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. கிரிக்கெட்டில் பௌலிங் சராசரி பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் கால் வேகம், எதிரணியின் தரம், மைதானத்தின் அளவு எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். கிளப்புகளுக்காக ஆள் தேடி அலையும் ஸ்கவுட்டுகள் அதைவிட ஸ்ட்ரைக்அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) வாக்கையும்தான் (நான்கு பந்தைத் தப்பாக வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு விடுவது) உற்றுப் பார்ப்பார்கள். ஏனென்றால் அந்த இரண்டிலும் பிட்சரின் கை மட்டுமே பேசுகிறது. நீங்கள் அனுப்பிய கணக்குப்படி 250 பேட்டர்களில் 51 ஸ்ட்ரைக்அவுட், 29 வாக். அதாவது நூற்றுக்கு 20, கிட்டத்தட்ட 12. நான் கணக்கு வைத்துக்கொள்ளும் அளவு வேறு: நூற்றுக்கு முப்பதுக்குக் கிட்டே ஸ்ட்ரைக்அவுட், எட்டுக்குள் வாக். அங்கேயிருந்து உங்கள் மகன் இன்னும் தூரத்தில் இருக்கிறான். மழுப்பிச் சொல்லி உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்புறம் பந்து. மணிக்கு 92 மைல் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் அது நல்ல வேகம்தான். ஆனால் மேஜர் லீக்கில் இன்று ஃபாஸ்ட்பாலின் சராசரியே சுமார் 94. ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு பந்துக்கும் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. வேகம் குறைந்தாலும் பந்தின் சுழற்சியும், பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்கு அது கீழே இறங்காமல் வருவதும், கை எவ்வளவு முன்னால் வந்து பந்தை விடுகிறது என்பதும் மதிப்பெண்ணை ஏற்றும். இதையெல்லாம் டிராக்மேன் கருவி அளந்து வைத்திருக்கும். கல்லூரியில் அந்தக் கருவி இருந்தால் ரிப்போர்ட்டை மகனே கேட்டு வாங்கலாம். இன்னொன்று, அவனிடம் ஃபாஸ்ட்பாலும், பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரும்தான் இருக்கின்றன. ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் வீச மூன்றாவது வகைப் பந்து ஒன்று வேண்டும், பெரும்பாலும் சேஞ்சப் (ஃபாஸ்ட்பால் போலவே தெரிந்து மெதுவாக வரும் பந்து). அது வராவிட்டால் ஓரிரு இன்னிங்ஸ் வீசும் ரிலீவராகத்தான் பார்ப்பார்கள். அதிலும் வாழ்க்கை உண்டு, ஆனால் டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் கிளப்புகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், விலை குறைவு.

அதனால் கோடை வீணாகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் உலோக பேட். கேப் காட் போன்ற நல்ல கோடை லீக்குகளில் மேஜர் லீக்கைப் போலவே மர பேட், எதிரே பெரிய கல்லூரிகளின் பேட்டர்கள். எந்த லீக் அவனைக் கூப்பிடுகிறது என்பதே ஒரு மதிப்பீடு.

அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கதை. தாய்வழியில் இந்திய வேர் உள்ள குமார் ராக்கர், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும்போதே, 2019-இல் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர். 2021 டிராஃப்டில் மெட்ஸ் கிளப் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் ஒப்பந்தமே தரவில்லை. மேஜர் லீக் கிளப்புகளோடு சேராத லீக் ஒன்றில் வீசிவிட்டு வந்தவரை 2022-இல் ரேஞ்சர்ஸ் கிளப் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த தசைநாருக்குப் பதில் வேறொன்றை வைப்பது). 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைத்தார். அவ்வளவு திறமைக்கே இந்தப் பாடு. எனவே மகன் முழங்கை வலிக்கிறது என்றால், அடுத்த வாரம் ஸ்கவுட் வருகிறார் என்பதற்காக மறைக்க விடாதீர்கள். அந்த அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் வீச 12 முதல் 18 மாதம் ஆகும்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. நான்காண்டுக் கல்லூரியில் படிப்பவரை மூன்றாம் ஆண்டு முடிந்ததும் டிராஃப்டில் எடுக்கலாம். உங்கள் மகனுக்கு அது அடுத்த ஜூலை. இருபது ரவுண்டு, மொத்தம் சுமார் 600 பேர். அந்த ஜூலையில்தான் அவன் கையில் பேரம் இருக்கும், ஏனென்றால் "வேண்டாம், நான்காம் ஆண்டு படிக்கப் போகிறேன்" என்று சொல்ல முடியும். நான்காம் ஆண்டும் முடிந்துவிட்டால் போக வேறு இடமில்லை என்பது கிளப்புக்கும் தெரியும். சில ஆயிரம் டாலரில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஸ்கவுட் தோளில் தட்டிச் சொல்லும் புகழ்ச்சியைக் கேட்டுச் சந்தோஷப்படுங்கள், நம்புவது தொகையை மட்டும் நம்புங்கள். பெரிய போனஸ் கொடுத்தவனுக்குத்தான் கிளப் பொறுமையாக நாலைந்து வாய்ப்பு தரும். பத்தாயிரம் டாலருக்கு எடுத்தவனை இரண்டு மோசமான மாதத்தில் அனுப்பிவிடும்.

கிளப்பின் கணக்கும் தப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டின் மார்க் அப்பெல் 2013-இல் முதல் ஆளாக, 63.5 லட்சம் டாலருக்கு எடுக்கப்பட்டார். மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 30. ஸ்டெட்சன் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் என்னும் ஃபீல்டராக இருந்து பிட்சரான ஜேக்கப் டிக்ரோம் 2010-இல் ஒன்பதாவது ரவுண்டில் போனவர், அதே ஆண்டு முழங்கை அறுவை சிகிச்சை. பின்னாளில் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார். டிக்ரோம் கதையை வீட்டில் சொல்லும்போது அப்பெல் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டபின் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்குகளில் படிப்படியாக ஏற வேண்டும். அங்கே சம்பளம் இவ்வளவுதான்: 2023-இல் வந்த ஒப்பந்தப்படி அந்த ஆண்டு கீழ்நிலையான சிங்கிள்-ஏவில் 26,200 டாலர், அடுத்த டபுள்-ஏவில் 30,250, மேல்நிலையான டிரிபிள்-ஏவில் 35,800. தங்க இடம் கிளப் தரும். உங்கள் மகன் இந்தச் சம்பளத்தில் மூன்று நான்கு ஆண்டு பேருந்தில் ஊர் ஊராகப் போகத் தயாரா என்று அவனிடமே கேளுங்கள். நம் வீடுகளில் இந்தக் கேள்வியை அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறோம்.

படிப்பை விட வேண்டியதில்லை. இப்போதிருந்தே கோடைக்கு ஒன்றிரண்டு பாடம் ஆன்லைனில் முடித்தால், அடுத்த ஜூலையில் பட்டத்துக்கு இரண்டு செமஸ்டருக்கு மேல் மிச்சம் இருக்காது. மீதிப் படிப்புச் செலவைக் கிளப் ஏற்கும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏஜென்ட் யாராவது வந்து பேசினால், எதிலும் கையெழுத்திடும் முன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தப்பாகிவிட்டால் கல்லூரி அணியில் ஆடும் தகுதியே போய்விடலாம்.

இன்றைய நிலையில், என் கணிப்பில், அவன் பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு யோசிக்கப்படலாம், யோசிக்கப்படாமலும் போகலாம். வாக் குறைந்து வேகம் இரண்டு மைல் ஏறினால் இந்தப் பேச்சே மாறும். டிராக்மேன் ரிப்போர்ட் கிடைத்ததும் அனுப்புங்கள். அடுத்த முறை பேசும்போது மகனும் லைனில் இருக்கட்டும்.