நான்கு பேர் மட்டுமே பதில் சொல்லும் வகுப்பு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 42 மாணவர்கள். எதைக் கேட்டாலும் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், ‘ஏன்?’ என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். குழுச் செயல்பாடு வைத்தால் பாடம் முடிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ‘புரிந்ததா?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ‘புரிந்தது மிஸ்’ என்று கூட்டாக வரும் பதிலிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. புரியாதவனும் அதே குரலில்தான் சொல்கிறான்.

மற்ற 38 பேரும் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாகப் பேச முன்வந்தவர்கள் கூடினர், ‘தெரியாது’ குறைந்தது. மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும். இந்த இரண்டாவது பொறுமைதான் நம்மில் பலருக்கு வருவதில்லை. நீங்கள் ‘சரி’ என்றதும் மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள்.

ஆனால் ‘மிதத்தல் விதியைக் கூறு’ என்று கேட்டுவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தாலும் சிந்தனை பிறக்காது. கேள்வியும் மாற வேண்டும். பாய்மங்கள் (திரவங்களும் வாயுக்களும்) பாடத்துக்கு இதை வைத்துப் பாருங்கள்: கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை நீர், அதில் ஒரு பனிக்கட்டி மிதக்கிறது. அது முழுவதும் உருகினால் 1) நீர் வழியும் 2) மட்டம் குறையும் 3) மாறாது.

ஒவ்வொருவரும் விடையையும் ஒருவரிக் காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். பிறகு நீங்கள் சொன்னதும், எல்லோரும் ஒரே நேரத்தில் மார்பருகே விரல் காட்டட்டும். கையை உயரத் தூக்கச் சொன்னால் அந்த நால்வரைப் பார்த்து மற்றவர்கள் விரலை மாற்றிக்கொள்வார்கள். அடுத்து, வேறு விடை காட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து இரண்டு நிமிடம் வாதிடட்டும். மறுபடி விரல்.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தம் வகுப்பில் தொடங்கிய முறை இது. அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். முதல் சுற்றில் 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால்தான் இந்த விவாதம் பலன் தரும். அதற்குக் கீழே என்றால் மீண்டும் விளக்குங்கள். மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லி அடுத்ததற்குப் போங்கள்.

விடையை நீங்கள் சொல்லாதீர்கள், டம்ளர் சொல்லட்டும். மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரைத்தான் வெளியேற்றுகிறது. உருகியதும் அந்த இடத்தை மட்டுமே நிரப்பும். எனவே மட்டம் மாறாது. அதற்குள் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்திருக்கும். ‘பாருங்கள் மிஸ், வழிந்துவிட்டது!’ என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். அவனைத் திருத்திவிடாதீர்கள். அந்தப் பாடவேளையிலேயே கிடைக்கக்கூடிய மிக நல்ல தருணம் அதுதான். ‘இது உள்ளிருந்து வழிந்த நீரா, காற்றிலிருந்து படிந்த நீரா? எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று வகுப்பிடமே விடுங்கள். டம்ளரைத் துடைத்துவிட்டு, மை கலந்த நீரில் மறுபடி செய்து பார்க்கலாம் என்று யாராவது சொல்லும்வரை பொறுத்திருங்கள். அப்போதும் வெளியே படியும் துளி நிறமற்று இருந்தால் வழக்கு முடிந்தது. சான்றைக் கேட்பதும் சோதனையை வகுப்பதும் இப்படித்தான் பழக வேண்டும். விமர்சனச் சிந்தனைக்கென்று தனிப் பாடவேளை ஒதுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேரம் மிஞ்சினால், பனிக்கட்டிக்குள் ஒரு சிறு கல் உறைந்திருந்து, அதனுடனேயே அது மிதந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உருகியதும் மட்டம் குறையும். உங்கள் நால்வரும்கூடத் திணறுவார்கள்.

பாடம் முடியாது என்ற உங்கள் கவலை நியாயமானது. பாடவேளைக்கு ஒரே ஒரு கேள்வி போதும். பெரும்பாலான நாள்களில் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். அந்த நேரத்தை, பாடநூலில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கூற்று–காரண வினாக்களுக்கும் உயர் சிந்தனை வினாக்களுக்கும் இதுவே பயிற்சி என்பதால், தலைமையாசிரியர் கேட்டாலும் சொல்லப் பதில் இருக்கிறது.

பேசத் தயங்குபவர்களை எழுப்பி நிறுத்தி ‘நீ சொல்’ என்று கேட்க வேண்டாம். விவாதம் முடிந்த பிறகு, ‘உன்னோடு பேசியவர் என்ன காரணம் சொன்னார்?’ என்று கேளுங்கள். தவறானாலும் அது இன்னொருவரின் கருத்து என்பதால் பயமின்றி வாய் திறப்பார்கள். நால்வருக்கும் வேறு வேலை கொடுங்கள்: தாங்கள் ஏற்காத விடைக்காக வாதாடட்டும். முதல் சில வகுப்புகளில் சத்தம் கூடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.