வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 69. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தவறி மூன்று வருடம் ஆகிறது. 1991-ல் என் பேரில் மனை வாங்கி அவர் கட்டிய வீட்டில் மகன், மருமகள், பேரனோடு இருக்கிறேன். மகன் தொழில் தொடங்கக் கடன் வாங்க வேண்டுமாம். வீட்டைத் தன் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதித் தரச் சொல்கிறான். "நான் உன்னைப் பாத்துக்க மாட்டேனாம்மா?" என்கிறான். சென்னையில் இருக்கும் மகளோ, எழுதினால் இனி வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்கிறாள். என் பென்ஷன் ஏடிஎம் கார்டும் மகனிடம்தான் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, வீட்டைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, கார்டைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

என் அம்மாவின் கார்டை நாலு வருடம் நான்தான் வைத்திருந்தேன். வயதான காலத்தில் பேங்குக்கு அலைய வேண்டாமே என்றுதான். அம்மா போன பிறகு சமையலறையை ஒழித்தபோது, உளுந்து டப்பாவின் அடியில் ஒரு பால் கவர். உள்ளே நாலாக மடித்த பத்து, இருபது ரூபாய் நோட்டுகள். காய்கறி வாங்கிய மிச்சத்தில் ஒதுக்கியது. மொத்தம் 640 ரூபாய். தன் பணத்தையே எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். அந்த டப்பாவில் உளுந்து போட இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. என்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்பது நாலு வருடமும் எனக்குத் தெரியாமலே போயிற்று. உங்கள் மகனுக்கும் தெரியாமல் இருக்கலாம். கார்டை முதலில் வாங்கிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் வீடு. இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். செட்டில்மெண்ட் பதிவான அன்றே வீடு அவருடையது; மனசு மாறினால் நீங்களாக ரத்து செய்துவிட முடியாது. அதை வைத்துக் கடன் வாங்கி, தொழில் நொடித்தால் வங்கி ஏலத்துக்குத்தான் வரும். பேரன் உட்பட எல்லோரும் தெருவுக்கு வர வேண்டியிருக்கும். மகனுக்கும் சேர்த்துத்தான் வேண்டாம் என்கிறேன்.

உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மகளுக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். அவள் கோபம் வீட்டுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா கட்டிய வீட்டில் தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம் அது.

எல்லாம் மீறி எழுதித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், சாகும்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதும், மகன் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. ஆனாலும் வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தல் அதிகமானால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம், கட்டணமில்லை.

மகனிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். பேரன் தூங்கிய பிறகு உட்கார வைத்து, "தம்பி, உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அப்பா என் பேர்ல வாங்கினது, நான் கண் மூடுற வரைக்கும் என் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். இரண்டு நாள் பேசாமல் இருப்பார். இருக்கட்டும்.

கார்டு கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அம்மா.