மெக்கானிக் ஏன் 'மற்றவை'யையே அமுக்குகிறார்?

கேள்வி: குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் சர்வீஸ் செய்கிறோம். ஆறு மெக்கானிக்குகள். வேலை விவரத்தை மொபைலில் பதிய ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். ஆனால் பழுது என்ன என்ற இடத்தில் எப்போதும் 'மற்றவை', குறிப்பில் 'ஓகே'. சொல்லிக் கொடுத்தும் பார்த்தாச்சு, திட்டியும் பார்த்தாச்சு. என்ன செய்யலாம்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: திட்டுவதை விடுங்கள் சார், ஒரு நாள் அவர்களோடு போய் நில்லுங்கள். நான் அப்படித் தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு போனேன். டிரையர் ஃபேனில் பேரிங் மாற்றிவிட்டு வந்தார், இரண்டு கையிலும் கிரீஸ். சுண்டுவிரல் மட்டும்தான் கொஞ்சம் சுத்தம், அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்த ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் பெயர், முகவரி, தேதி, மெஷின் நம்பர், மாடல்... பழுதுக்கு வந்தால் ஆங்கில எழுத்து வரிசையில் ஒரு பட்டியல், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், அப்புறம் 'மற்றவை'. நானாக இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பேன்.

சாஃப்ட்வேருக்கே தெரிந்ததை மனிதரிடம் கேட்கக் கூடாது. மெஷினில் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், ஸ்கேன் செய்ததும் தொழிற்சாலை, மாடல், போன தடவை செய்த வேலை எல்லாம் தானாக வந்துவிடும். சூடாகிற டிரையர் உடம்பில் ஒட்டாமல் பேனல் பெட்டியில் ஒட்டுங்கள். அச்சடிக்கும்போது பிழைதிருத்த அளவை 'எச்' என்று வைத்தால் சுமார் 30 சதவீதம் வரை அழிந்தாலும் ஸ்கேன் ஆகும், தேயிலைத் தூளும் எண்ணெயும் படிகிற இடத்துக்கு அது வேண்டும். கீழே மெஷின் நம்பரைப் பெரிதாகவும் போட்டுவிடுங்கள்.

பழுதுப் பட்டியல் மெஷினைப் பார்த்து மாற வேண்டும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷினை ஸ்கேன் செய்தவருக்கு ரோலர் பல் மழுங்கல், பேரிங் சூடு, பெல்ட் நழுவல் என்று ஏழெட்டு வந்தால் போதும், இலையை வாட்டுகிற விதரிங் டிரஃப் சமாசாரம் அங்கே எதற்கு? அதையும் அவர்கள் வாயில் வருகிற வார்த்தையிலேயே வையுங்கள். இதுவரை 'மற்றவை' என்று பதிந்ததையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, ஆறு பேரையும் டீக்கு உட்காரவைத்து, 'இது என்னப்பா, அது என்னப்பா' என்று கேட்டாலே உங்களுக்கு வேண்டிய பட்டியல் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வேலை குறையட்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிவிடாதீர்கள். மெஷின் நம்பர் தானாக வரலாம், ஆனால் பேரிங் சூடு 'நார்மல்' என்று தயாராக நின்றால் யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், எரிந்து போன பேரிங்கும் ரெக்கார்டில் நார்மலாகவே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியது காலியாகத்தான் இருக்க வேண்டும். ஓடிய மணிநேரத்தைக் கேட்கும்போது போன தடவை ரீடிங்கைப் பக்கத்திலேயே காட்டுங்கள், எண் விசைப்பலகை மட்டும் திறக்கட்டும். முந்தையதைவிடக் குறைவாக அடித்தால் அங்கேயே கேட்கட்டும், மாசக் கடைசியில் ஆபீசில் உட்கார்ந்து கேட்பதில் பிரயோசனம் இல்லை.

நீங்களும் ஆபீசில் ஒரு வேலை செய்யுங்கள். சாஃப்ட்வேரில் நிரப்பச் சொல்கிற ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி 'இதை யார் படிக்கிறார்கள்' என்று கேளுங்கள், பதில் வராததை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் பல எஸ்டேட்டுகளில் சிக்னல் கிடையாது. பையன்கள் ராத்திரி ரூமுக்கு வந்துதான் எல்லாவற்றையும் பதிகிறார்கள். தமிழில் பேசியே பதிய முடியுமா?
– வாசகி, மஞ்சூர்

பதில்: முதலில் சிக்னல். போனிலேயே சேமித்துக்கொண்டு, கிடைக்கும்போது அனுப்புகிற வசதி இல்லாத சாஃப்ட்வேரை மலையில் வாங்கவே கூடாது. அது இருந்தாலும் இரண்டைச் சோதியுங்கள்: வேலை முடித்த நேரம் பதிவாகிறதா, இல்லை மேட்டுக்கு ஏறி சிக்னல் கிடைத்த நேரமா? அனுப்பு பொத்தானைப் பொறுமையில்லாமல் மூன்று தடவை அமுக்கினால் மூன்று வேலையாக ஏறுகிறதா?

பேசிப் பதியலாம், கூகுள் விசைப்பலகையில் தமிழ்க் குரல் பதிவு இருக்கிறது. ஆனால் சி.டி.சி. ஓடுகிற ஹாலில் நின்று பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே காது கேட்காது, போனுக்கு எங்கே கேட்கும்? வெளியே வந்து பேசச் சொல்லுங்கள். பார்ட் பெயர்களைப் பட்டியலில் தொட்டுவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் பேசட்டும். எழுத்து தப்பாக விழுந்தால் போகட்டும், அந்த ஆடியோவும் கழற்றிய பார்ட்டின் ஒரு போட்டோவும் கூடவே போனால் ஆபீசில் புரிந்துகொள்வார்கள்.