அடிபட்ட மடையானுக்கு முதல் ராத்திரி என்ன செய்வது?

வடுவூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சாயங்காலம் வாய்க்கால் மதகு ஓரமாக ஒரு மடையான் (சின்னக் கொக்கு வகை) பறக்க முடியாமல் கிடந்திருக்கிறது. காலில் தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலில் கட்டுகிற நைலான் இழை, சுற்றியிருக்கிறது, ஒரு பக்க ரெக்கை தொங்குகிறது. வீட்டுக்குத் தூக்கிவந்து கோழிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, காயத்தில் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். சோறு வைத்தால் தின்னவில்லை. ஃபில்லரால் தண்ணீர் விடலாமா, ரெக்கையை நாமே கட்டலாமா, பையன் வளர்க்கலாம் என்கிறானே, சரியா என்று கேட்கிறார்.

தூக்கிவந்தது நல்ல காரியம், அங்கேயே விட்டிருந்தால் ராத்திரி நாயோ கீரியோ விட்டுவைத்திருக்காது.

முதலில் தண்ணீர் விஷயம். விடவே விடாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே, கீழ்த்தாடையில் திறந்திருக்கிறது. நாம் அலகைப் பிரித்து ஊற்றுகிற தண்ணீர் தொண்டைக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக நுரையீரலுக்குப் போய்விடும், காயத்திலிருந்து பிழைத்திருக்க வேண்டிய பறவை அதனாலேயே செத்துப்போகும். பால், குளுக்கோஸ், சோற்றுக்கஞ்சி எல்லாவற்றுக்கும் இதேதான் பதில். பயந்துபோய், உடம்பு சில்லிட்டுக் கிடக்கிற நேரத்தில் உள்ளே போனதைச் செரிக்கிற தெம்பும் அதற்கு இருக்காது. மடையான் சோறு தின்கிற பறவையும் இல்லை.

இன்று ராத்திரி அதற்கு வேண்டியது இருட்டு, சத்தமில்லாத இடம், கொஞ்சம் சூடு, இவ்வளவுதான். கூடையை எடுத்துவிடுங்கள். கூடை இடுக்கு வழியாக நம்மையும் நாயையும் பார்த்துக்கொண்டே இருக்கும், வெளியே வரப் பார்த்து மோதி மோதி நல்ல இறகையும் ஒடித்துக்கொள்ளும். மளிகைக்கடையில் ஒரு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவில் சில ஓட்டை போட்டு, அடியில் பழைய பருத்திப் புடவையை மடித்து விரியுங்கள். வெறும் பேப்பர் போட்டால் கால் வழுக்கும். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது வைக்கோல்தான், ஆனால் அது வேண்டாம். ஈரம் பட்ட வைக்கோலில் இருக்கிற பூஞ்சை பறவையின் நுரையீரலில் போய் வளரும், நீர்ப்பறவைகள் அதைத் தாங்காது. பறவையின் உடம்புச் சூடே நாற்பது டிகிரி செல்சியஸுக்கு மேல், அதனால் நமக்கு இதமாக இருக்கிற மார்கழி ராத்திரியில் அடிபட்ட பறவை விறைத்துப்போகும். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டியின் ஒரே ஓரத்தில் வையுங்கள், சூடு போதும் என்றால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

பிடிக்கும்போது கவனம். மடையான் கால் கிலோ கூடத் தேறாது, ஆனால் அலகு குத்தூசி மாதிரி, அது குறிவைப்பது நம் கண்ணை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் முகத்தைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள். ஒரு துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போட்டு மூடி, ரெக்கை இரண்டையும் உடம்போடு அணைத்துத் தூக்கி, இன்னொரு கையால் தலைக்குப் பின்னால் கழுத்தை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் மூச்சை இழுத்துவிடுகிற உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும். அலகையும் கயிற்றால் கட்டாதீர்கள், பயத்தில் இந்தப் பறவைகள் விழுங்கியதைக் கக்கும், அலகு கட்டியிருந்தால் மூச்சு அடைத்துவிடும்.

இப்போது அந்த நரம்பு. ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். காலில் தங்கூசி பதிந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி பள்ளம் தெரியும், அதற்குக் கீழே விரல்கள் வீங்கியிருக்கும். இழுத்தால் நரம்பு தோலை அறுத்துக்கொண்டு இன்னும் உள்ளே இறங்கும். நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாகத் தனித்தனியே வெட்டி, தானாக வருகிற துண்டை மட்டும் எடுங்கள், சதைக்குள் புதைந்ததை டாக்டருக்கு விடுங்கள். தூண்டில் முள் குத்தியிருந்தாலும் பிடுங்க வேண்டாம், முள்ளின் எதிர்க்கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அலகுக்குள்ளேயும் ஒரு தடவை பாருங்கள். தொண்டையிலிருந்து நரம்பு வெளியே தொங்கினால் முள்ளை விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை இழுக்கவும் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது. ஒரு சாண் விட்டு வெட்டி, திரும்ப உள்ளே போய்விடாமல் கழுத்து இறகோடு லேசாக டேப் போட்டு ஒட்டுங்கள், டாக்டருக்கு முள்ளைத் தேடிப் பிடிக்க அந்த நுனிதான் வழி.

மஞ்சளும் எண்ணெயும் நல்ல மனதோடுதான் பூசியிருப்பீர்கள். ஆனால் எண்ணெய் பட்ட இறகு தண்ணீரையும் தடுக்காது, குளிரையும் தடுக்காது, குணமான பிறகும் அந்த இறகோடு தண்ணீரில் நின்று பிழைப்பது கஷ்டம். இனிமேல் பூசாதீர்கள், பூசியதைக் கழுவிவிடுகிறேன் என்று இன்றைக்கே சோப்பு போட்டு நனைக்கவும் வேண்டாம். திறந்த காயத்தை மட்டும் மெடிக்கலில் கிடைக்கிற நார்மல் சலைன் ஊற்றிக் கழுவினால் போதும். நமக்கு வைத்திருக்கிற வலி மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அவற்றை அழித்த பிறகுதான் 2006ல் கால்நடை உபயோகத்துக்கு அதைத் தடை செய்தார்கள்.

ரெக்கையை நீங்கள் கட்ட வேண்டாம். பறவை எலும்பு சீக்கிரம் கூடும், மூன்று வாரத்துக்குள்ளேயே கூடிவிடுவது உண்டு. கோணலாகக் கட்டினால் கோணலாகவே கூடிவிடும், அப்புறம் அது பறக்காது. இருட்டுப் பெட்டிக்குள் அது தானாகவே ரெக்கையை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும், ஒரு ராத்திரிக்கு அந்தக் கட்டு போதும்.

காலையில் முதல் வேலையாகக் கொண்டுபோங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம்தான். போகும் முன்னால் வனத்துறைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரியிலேயே அவர்கள் ஆட்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுயிர் ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். வளர்க்க அனுமதி கிடையாது, அதைப் பையனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவனுக்கு வேறு வேலை கொடுக்கலாம்: எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கிடைத்தது, எச்சம் என்ன நிறம், பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தார்களா என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், டாக்டர் கேட்கப்போவது இதையெல்லாம்தான்.

மருந்து பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், வெளிக்காயமே இல்லாமல் கால்விரல்களைச் சுருட்டிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, நடுங்கிக்கொண்டு கிடக்கிற கொக்கும் மடையானும் பெரும்பாலும் பூச்சிமருந்து பட்டவை. அதற்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது, விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசியை டாக்டர் சீக்கிரம் போட்டால் பிழைக்க வழி உண்டு. நாலைந்து ஒன்றாகக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் மடையானைத் தொட்ட பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், பெட்டியை வீட்டுக் கோழிகள் பக்கம் வைக்காதீர்கள். பூனையோ நாயோ கடித்தது என்றால் பல் தடம் ஊசி முனையளவே இருந்தாலும் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அந்த எச்சிலில் இருக்கிற கிருமி ஓரிரு நாளிலேயே கொன்றுவிடும், ஆன்டிபயாடிக் உடனே வேண்டும்.

டாக்டரைப் பார்ப்பது ஒரு நாள் தள்ளிப்போகும்படி ஆனால், உடம்பு சூடேறி எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அகலமான தட்டில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு நாலு கெண்டைக்குஞ்சு உயிரோடு விடுங்கள். விட்டுவிட்டு அங்கே நிற்காமல் வந்துவிடுங்கள், ஆள் நின்றால் தின்னாது. கருவாடோ உப்புப் போட்ட மீனோ வேண்டாம்.

மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பு நொறுங்கியிருந்தால், இது இனிப் பறக்காது, கஷ்டப்படாமல் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். கேட்க மனசு ஒப்பாதுதான், ஆனால் அது நியாயமான முடிவு. குணமாகிப் பறக்கவும் செய்தால், காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்த இடத்துக்கே கொண்டுபோய்ப் பெட்டியைச் சாய்த்து வைத்து விலகிவிடுங்கள், தூக்கி வீச வேண்டாம். அந்த மதகில் மிச்சத் தங்கூசி கிடந்தால் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், பக்கத்து வயலில் மருந்து அடித்த சமயமாக இருந்தால் கொஞ்சம் தள்ளி வேறு வாய்க்காலில் விடுங்கள்.